பச்சைக் கோடிட்ட இரண்டு மணி நேரம்

எங்கள் கடையில் அடுத்த வாரத்துக்கான ரோஸ்டரை, அதாவது யாருக்கு எப்போது வேலை என்ற அட்டவணையை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒட்டிவிட வேண்டும். ஃப்ரீசர் அறைக்கும் பின்வாசலுக்கும் இடைப்பட்ட சுவரில் அந்தத் தாள் ஏறியதும், சமையலறையில் இருப்பவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்து, தம் பெயருள்ள வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். சிலர் அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் செய்து, “ஞாயித்துக்கிழம காலை ஷிஃப்ட்தாம்மா, சாயங்காலம் வந்துருவேன்” என்று சொல்வார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுவார்கள். அப்படித் திரும்பியவர்களிடம் அன்றைக்கே போய்ப் பேசிவிட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

பல ஊர்களில் கிளைகள் கொண்ட ஒரு துரித உணவு நிறுவனத்தின் சேலம் கிளையில், 2015 ஜூனில், பத்தொன்பது வயதில் க்ரூவாக, அதாவது தொடக்கநிலைப் பணியாளராகச் சேர்ந்தேன். ட்ரெய்னர், ஷிஃப்ட் மேனேஜர் என்று படிப்படியாக வந்து, இப்போது அதே கிளைக்கு மேலாளராக இருக்கிறேன். ஒரு நிறுவனம் தன் பணியாளர்களை எப்படி வளர்க்கிறது என்று அறிய விரும்புபவர், அதன் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டுவதைவிட இந்த வெள்ளிக்கிழமைத் தாளைப் பார்ப்பது மேல் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. புதியவருக்குப் பயிற்சி எத்தனை மணி நேரம், அந்த நேரத்தில் அவர் அருகில் நிற்பவர் யார், இரவு கடையை மூடிவிட்டுப் போனவரை மறுநாள் காலை திறப்பதற்கும் அழைத்திருக்கிறோமா, தேர்வு உள்ள பிள்ளைக்கு விடுப்பு இருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் ஒளிவுமறைவின்றித் தெரிந்துவிடும்.

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறை முழுவதும் தறிதான். அப்பா வெண்பட்டு வேட்டி நெய்பவர். அம்மா தறிக்கான ஊடை நூலைத் தாரில் சுற்றித் தருவார். வேலை கிடைத்ததைச் சொன்னபோது அம்மா சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “ராத்திரி பதினோரு மணிக்கு யாரு கண்ணு உன்னயக் கொண்டாந்து விடுவாங்க?” என்றுதான் கேட்டார். நான் அதையே அப்போதிருந்த மேலாளரிடம் கேட்டேன். பெண்கள் ஒன்பது மணியைத் தாண்டி வேலை செய்தால் கடை வேனில்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றும், வாசலில் இறங்கியதும் கடைக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்றும், கடைசி அழைப்பு வரும்வரை ஷிஃப்ட் மேனேஜர் கிளம்பக் கூடாது என்றும் அவர் விளக்கினார். மறுநாள் அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்து, வேன் ஓட்டுநரோடு கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அந்த வேன் இருந்திராவிட்டால் என் வேலை வாழ்க்கை அங்கே தொடங்கியே இருக்காது. பணியாளர் முன்னேற்றம் பற்றிப் பேசும் எவரும் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது, அவர் வீடு திரும்பும் வழியைத்தான்.

பயிற்சி முறை எல்லாப் பெரிய துரித உணவு நிறுவனங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வேலை முழுவதையும் சின்னச் சின்ன ஸ்டேஷன்களாகப் பிரித்துவிடுவார்கள்: எண்ணெயில் பொரித்தெடுக்கும் பொரியல், பன், கவுண்டர், பாத்திரம் கழுவுமிடம், சாப்பாட்டுக் கூடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்லிஸ்ட் உண்டு. ட்ரெய்னர் முதலில் விஷயத்தைச் சொல்லித் தயார்ப்படுத்துவார். பிறகு செய்து காட்டுவார். அடுத்து நம்மைச் செய்யவைத்துப் பார்ப்பார். கடைசியில் சற்றுத் தள்ளி நின்று கவனிப்பார். இந்த நான்கு படி வரிசை, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதிய தொழிலாளர்களை விரைவாகப் பழக்குவதற்காக உருவானது. பயின்றவர் கற்கவில்லை என்றால் பயிற்றுவித்தவர் கற்பிக்கவில்லை என்று பொருள் என்பது அந்த முறையின் அடிப்படைப் பாடம். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1961-ல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு கடையின் நிலவறையில் ‘ஹாம்பர்கர் யுனிவர்சிட்டி’ என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. கடை மேலாளர்களுக்கென்று முறையான படிப்பு வேண்டும் என்ற எண்ணம் இந்தத் தொழிலில் வேரூன்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அப்பா தறி கற்றுக்கொடுத்ததும் இதே வரிசையில்தான் என்பதைப் பின்னாளில் நினைத்து வியந்திருக்கிறேன். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை எறிய விடுவதற்கு முன்னால், அறுந்த இழையைப் பிணைக்க மட்டுமே ஒரு மாதம் விட்டார். அந்த மாதம் முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வாய்த்த ட்ரெய்னர் கொண்டலாம்பட்டியிலிருந்து வந்த ஓர் அக்கா. மூன்றாம் நாள் அவர் என் கையில் வெப்பமானியைக் கொடுத்து, அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த கோழித் துண்டின் உட்சூட்டைப் பார்க்கச் சொன்னார். நான் குத்தினேன், முள் எலும்பில் போய் நின்றது. அவர் திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, முள்ளை வெளியே இழுத்து, சதை கனமாக இருக்கும் இடத்தில் பக்கவாட்டில் செலுத்தி, “எலும்புல பட்டா அது பொய் சொல்லும். சதைக்கு நடுவுல நிக்கட்டும், எண் ஓடி நின்னப்புறம் படி” என்றார். எண் 75 டிகிரியைத் தாண்டி நின்றது. அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு குழந்தையின் வயிறு இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு, வெப்பமானியை நான் ஒருநாளும் அசட்டையாகக் கையாண்டதில்லை. அவர் அப்படிச் சொல்லித்தருவதற்கு நேரம் இருந்தது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. மதியம் இரண்டு முதல் நான்கு வரை, கூட்டம் குறைந்த பொழுதில், அவருக்கு என்னைத் தவிர வேறு வேலை கொடுக்கப்படவில்லை.

அந்த நேரத்தின் அருமை, அதை நானே பறித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

2018-ல் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. நான் ஷிஃப்ட் மேனேஜராகி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. துணி எடுக்க வந்த கூட்டம் கடையை நிறைத்திருந்தது. இருவர் வேலைக்கு வரவில்லை. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு தம்பிக்கு அன்று இரண்டாவது நாள். மூன்று மணி முதல் ஐந்து மணி வரை அவனுக்குப் பொரியல் ஸ்டேஷனில் பயிற்சி என்று ரோஸ்டரில் இருந்தது. அவன் பக்கத்தில் நின்ற ட்ரெய்னரை நான் கவுண்டருக்கு இழுத்துக்கொண்டேன். “பத்து நிமிஷம் பாத்துக்க தம்பி, வந்துடுவாங்க” என்று சொன்னது நினைவிருக்கிறது. உறைந்த உருளைக்கிழங்குப் பையின் அடியில் ஐஸ் துகள் சேர்ந்திருக்கும். ஆகவே கூடையை எண்ணெய்க்கு அப்பால் வைத்து, பாதி அளவு மட்டும் நிரப்பி, உதறிவிட்டுத்தான் இறக்க வேண்டும். அவனுக்கு அது தெரியாது. எண்ணெய்க்கு மேலேயே கூடையைப் பிடித்துப் பையைக் கவிழ்த்தான். ஐஸ் எண்ணெயில் விழுந்து பொங்கித் தெறித்ததில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை வெந்துவிட்டது. இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரைக் கையில் ஓடவிட்டு, பிறகு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம்.

மாலையில் அவனுடைய அம்மா வந்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. “நீங்க யாரும் அவன் பக்கத்துல இல்லீங்களா?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சம்பவத்திலிருந்து இரண்டு நடைமுறைகளை எங்கள் கிளையில் நிலைநிறுத்தினோம். ஒன்று, தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பதிவு. பணியில் சேர்ந்தவரைப் பதிவு செய்யப் பத்து நாள் அவகாசம் இருப்பதால், எங்கள் அலுவலகம் வாரக் கடைசியில் மொத்தமாகச் செய்யும் வழக்கம் இருந்தது. அந்தத் தம்பிக்கு அன்று எண்ணே கிடைத்திருக்கவில்லை. வேலையில் ஏற்படும் காயத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு என்பதையும், வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி நாள் ஊதியத்தில் சுமார் 90 விழுக்காடு கிடைக்கும் என்பதையும், அதற்கு விபத்து அறிக்கையைத் தாமதமின்றி அனுப்ப வேண்டும் என்பதையும் அந்த ஓட்டத்தில்தான் நான் கற்றேன். இப்போது சேருகிற நாளன்றே, சீருடை கொடுப்பதற்கு முன்பாக, எண் உருவாகிவிட வேண்டும்.

மற்றொன்று, பச்சைப் பென்சில். புதியவருக்கு முதல் பத்து நாட்களும் தினமும் இரண்டு மணி நேரத்தை ரோஸ்டரில் பச்சையால் தீட்டிவிடுகிறேன். அந்தக் கட்டத்தில் இருக்கும் ட்ரெய்னரை யாரும் வேறு வேலைக்கு அழைக்கக் கூடாது; நானும் அழைக்கக் கூடாது. இருவர் வராவிட்டால் ஒரு கவுண்டரை மூடிவிடுவோம், வரிசை நீளட்டும். இதைச் சொல்வது எளிது. ஒரு கிளையின் விற்பனையில் சம்பளச் செலவு எத்தனை விழுக்காடு என்பதை வைத்தே மேலாளரை எடைபோடுகிறார்கள். ட்ரெய்னர் நிற்கும் இரண்டு மணி நேரமும் அந்தக் கிளையின் சம்பளச் செலவில் ஏறினால், எந்த மேலாளரும் நெருக்கடி வரும்போது முதலில் அதைத்தான் வெட்டுவார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. பயிற்சி மணி நேரத்தைத் தனிக் கணக்கில் எழுதி, அதை நிறுவனம் ஏற்க வேண்டும் என்று மண்டல அலுவலகத்தில் ஓராண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் புதிதாகத் திறந்த கிளைகளுக்கு ஒப்புக்கொண்டார்கள்; பிறகு எங்களுக்கும் வந்தது. துரித உணவுக் கடையில் வேலைக்குச் சேரப்போகும் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நேர்முகத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியாக இதைத்தான் சொல்கிறேன்: எனக்குக் கற்றுக்கொடுப்பவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்குமா?

ரோஸ்டரின் மற்றப் பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு மூடியவரைக் காலையில் திறக்க அழைப்பதில்லை. இரண்டு ஷிஃப்டுகளுக்கு நடுவே பதினோரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கல்லூரியில் படித்துக்கொண்டே வருபவர்களிடம் செமஸ்டர் தேர்வு அட்டவணையை வந்த அன்றே வாங்கி வைத்துக்கொள்கிறோம். ஏற்காட்டிலிருந்து வருபவர்களுக்கு மலைக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் விதமாக ஷிஃப்ட் முடிய வேண்டும்; அதைத் தவறவிட்டவரை இருபது கொண்டை ஊசி வளைவுகளில் யாருடைய இருசக்கர வண்டியிலோ இரவில் ஏற்றி அனுப்பும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆடித் திருவிழா வாரத்தில், குறிப்பாகச் சேலம் குகைப் பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை இரவில், எல்லோருக்கும் விடுப்பு வேண்டும், கடையிலும் கூட்டம் இருக்கும். சென்ற ஆண்டு விடுப்பு கிடைத்தவர் இந்த ஆண்டு வேலைக்கு வர வேண்டும் என்ற முறையை ஒரு நோட்டில் எழுதிவைத்து நடத்துகிறோம். 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் வந்தது அதன் பிறகுதான். கூட்டமில்லாத பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தவரின் குரலே வேறாக இருப்பதை வாடிக்கையாளரும் உணர்வார்.

ஆவணங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். 2020-ல் ஊரடங்கு வந்தபோது, வருங்கால வைப்பு நிதியிலிருந்து மூன்று மாத அடிப்படைச் சம்பளம் அல்லது இருப்பில் 75 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதை முன்பணமாக எடுத்துக்கொள்ள அரசு வழி செய்தது. எங்கள் கடையில் பதினெட்டுப் பேர் விண்ணப்பித்தோம். ஐந்து பேருக்கு நிராகரிப்பு வந்தது. காரணம் இனிஷியல். நம் ஊரில் பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். ஆதாரில் தந்தையின் முழுப் பெயரும் பின்னால் வரும். வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது மாதிரி இருக்கும். எங்கள் கடையில் சேர்க்கைப் படிவத்தைப் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து நிரப்பியிருந்தார்கள். பிழை எங்களுடையது, தவித்தது அவர்கள். குகையைச் சேர்ந்த ஒருவர், வீட்டு வாடகைக்காகக் காத்திருந்தவர், பெயரைத் திருத்தும் கூட்டு விண்ணப்பம் போய் முடியும்வரை கடன் வாங்கிச் சமாளித்தார்.

இப்போது புதியவர் சேர்ந்ததும் நானே அவரோடு உட்கார்ந்து, ஆதாரில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து பார்த்துப் படிவத்தில் எழுதுகிறேன். முன்பு வேறெங்காவது வேலை செய்திருந்தால் வேலை மாறினாலும் மாறாத வைப்பு நிதி எண்ணான பழைய யு.ஏ.என்.-ஐக் கட்டாயம் கேட்கிறேன். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் மிகுதி. நம் பங்கு 12 விழுக்காடு என்றால், முதலாளி செலுத்தும் 12-ல் 8.33 விழுக்காடு ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. பத்தாண்டு சேவை நிறைந்தால்தான் ஓய்வூதியத் தகுதி வரும். ஒவ்வொரு முறையும் கணக்கை முடித்து எடுத்தால் அந்த ஆண்டுகள் கரைந்துவிடும். மாற்றிக்கொள்வதே நல்லது. வாரிசு நியமனத்தையும் அதே நாளில் முடித்துவிட வேண்டும். இருபது வயதில் அது எதற்கு என்று கேட்பார்கள், கேட்டாலும் விடக் கூடாது.

பதவி உயர்விலும் எதிர்பாராத ஒரு முடிச்சு இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. வரம்பைவிட்டு வெளியே வந்துவிடுவோம். எங்களிடம் நன்றாக வேலை செய்த ஒருவர் ஷிஃப்ட் மேனேஜர் பதவியை இரண்டு முறை மறுத்தார். ஆர்வமில்லை என்று மேலிடத்தில் எழுதிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசியபோதுதான் தெரிந்தது, அவருடைய தாயாருக்கு இ.எஸ்.ஐ. மூலம் தொடர் சிகிச்சை நடக்கிறது. உயரும் இரண்டாயிரம் ரூபாயைவிட அந்த அட்டை அவர்களுக்குப் பெரிது. சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் முடிவு வரை, பிடித்தம் தொடரும் என்பதையும், அதற்கான பலன்களைப் பெறும் காலம் பின்னர் வரும் என்பதையும் அவருக்கு விளக்கினோம். அந்த இடைவெளிக்குள் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளும் குழு மருத்துவக் காப்பீட்டை மேலாளர் நிலையினருக்கு நிறுவனம் ஏற்பாடு செய்தது. மூன்றாவது முறை அவர் மறுக்கவில்லை.

கடைசியாக, பாத்திரம் கழுவுமிடத்திலிருந்த அக்காவைப் பற்றி. சேரும்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்து வந்தவர். கவுண்டர் பக்கம் வரவே மாட்டார். ஆங்கிலம் தெரியாதவருக்கு அங்கே இடமில்லை என்று அவராகவே முடிவு செய்திருந்தார். எங்கள் நிறுவனத்தின் செக்லிஸ்ட்டுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. ஒரு மழைக்கால வாரத்தில், கூட்டமில்லாத மதியங்களில், பொரியல் ஸ்டேஷன் தாளை நாங்கள் இருவரும் உட்கார்ந்து தமிழில் எழுதினோம். எழுதும்போதே அவர் இரண்டு இடங்களில் நிறுத்தி, “இத இப்படிச் செஞ்சா எண்ணெய் சீக்கிரம் கருத்துரும் மேடம்” என்று சொன்னார். அவர் சொன்னது சரியாக இருந்தது. மூன்று ஆண்டுகள் பக்கத்துத் தொட்டியில் நின்றபடியே எல்லா ஸ்டேஷன்களையும் அவர் பார்த்து வந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். தமிழ்த் தாள் வந்த பிறகு ஐந்து ஸ்டேஷன்களில் தேர்ச்சி பெற்றார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்டாக் பயிற்சியையும் முடித்து, சான்றிதழை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து காட்டினார். சென்ற ஆண்டு முதல் அவர் ட்ரெய்னர்.

பயிற்சி பெற்றவர்கள் விலகிப் போவதும் உண்டு. கை வெந்த அந்தத் தம்பி திரும்பி வந்து இரண்டு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, பெங்களூரில் ஒரு ஹோட்டலில் சேர்ந்தான். அனுபவச் சான்றிதழை அன்றே அச்சடித்துக் கொடுத்து, வைப்பு நிதியை மாற்றும் முறையையும் காட்டி அனுப்பினேன். அவன் அனுப்பிய மூன்று பேர் இப்போது எங்களிடம் வேலை செய்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை ரோஸ்டரை ஒட்டிவிட்டுத் திரும்பியபோது, ஏற்காட்டுக்கு மேலே நாகலூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் பெண் தன் பெயரைக் கண்டுபிடித்து, விரலை வரியின் ஊடே நகர்த்தி, பச்சைக் கட்டத்தில் நிறுத்தினாள். “இது என்னங்கக்கா?” என்று பக்கத்திலிருந்த அக்காவிடம் கேட்டாள். “ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் நான் உன் பக்கத்துலயேதான் நிப்பேன் கண்ணு. வா, மொதல்ல கை கழுவறதப் பாக்கலாம்” என்று சொல்லி, அவளைத் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார்.